ஓய்வு பெற்றோரின் ஒன்றுபட்ட குரல்

பணியிலிருக்கும் தொழிலாளிக்குத் தன் கோரிக்கையை வலியுறுத்தப் பல வழிகள் உண்டு. தொழிற்சங்கம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, இறுதியாக வேலைநிறுத்தமும் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாளே இவை யாவும் அவரை விட்டு நீங்கிவிடுகின்றன. நிறுத்துவதற்கு அவரிடம் வேலை இல்லை. உடன் உழைத்தவர்கள் அவரவர் ஊர்களுக்குச் சென்றுவிடுகின்றனர். பெரும்பாலோருக்கு எஞ்சும் நிலையான வருவாய் ஓய்வூதியம் ஒன்றே. விலைவாசி உயர்கிறது, வயதோடு மருந்துச் செலவும் கூடுகிறது, ஆனால் ஓய்வூதியத்தின் அளவை மாற்றும் ஆற்றல் தனி மனிதர் எவரிடமும் இல்லை.

இவ்வாறு எல்லா வகையிலும் வலுவிழந்தவராகத் தோன்றும் ஓய்வூதியர்கள், கடந்த அரை நூற்றாண்டில் இந்தியாவின் சட்டத்தையும் நிர்வாக நடைமுறையையும் குறிப்பிடத்தக்க அளவு மாற்றியிருக்கின்றனர். அவர்கள் கையாண்ட கருவிகள் மூன்று: செய்தி, மனு, வழக்கு. இவற்றுள் செய்தியே முதன்மையானது. தமக்கு உரியது எது என்பதை அறியாத ஒருவர் அதைக் கேட்டு மனுச் செய்யவும் இயலாது. வழக்குத் தொடரவும் இயலாது. ஓய்வூதியர் அமைப்புகளின் வரலாறு, சிதறிக் கிடந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே கூறலாம்.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். மத்திய அரசின் ஓய்வூதியர்கள் மட்டுமே, பாதுகாப்புப் படையினரையும் சேர்த்து, 60 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் பயன்பெறுவோர் 75 லட்சத்திற்கும் அதிகம். ஆகவே இது ஒரு சிறு பிரிவினரின் பிரச்சினை அன்று; முதுமையை நாடு எவ்வாறு நடத்துகிறது என்பதைக் காட்டும் பிரச்சினையாகும்.

கொடையா, உரிமையா?

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஓய்வூதியம் அரசின் கருணையாகவே கருதப்பட்டது. 1871 ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதியம் தொடர்பான கோரிக்கைகளை உரிமையியல் நீதிமன்றங்கள் நேரடியாக விசாரிப்பதைத் தடுத்தது. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதை வாங்குபவர் கேள்வி கேட்கலாகாது என்பதே அக்காலத்துக் கொள்கை.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரும் இக்கருத்து உடனே மறையவில்லை. பீகார் மாநில அரசுக்கு எதிராகத் தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கில் 1971 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதில் ஒரு திருப்பமாக அமைந்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அன்று என்றும், விதிகளின்படி அதைப் பெறுவது ஊழியரின் உரிமை என்றும், அவ்வுரிமை சொத்துக்கு ஒப்பானது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உழைத்த காலத்தில் கைக்கு வராமல் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே ஓய்வூதியம் என்ற பொருளாதாரக் கருத்துக்கு இத்தீர்ப்பு வலுவூட்டியது.

எனினும், உரிமை என்று நீதிமன்றம் கூறியது ஊரெங்கும் பரவியிருந்த ஓய்வூதியர்களை உடனே சென்றடைந்துவிடவில்லை. அதற்கு அமைப்புகள் தேவைப்பட்டன.

வரிசையில் பிறந்த தோழமை

ஓய்வூதியம் கருவூலங்களில் வழங்கப்பட்ட காலத்தில், மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியர்கள் ஒரே இடத்தில் கூட நேர்ந்தது. வரிசையில் நின்றவாறே ஒருவர் பெற்ற ஆணையைப் பற்றி மற்றவர் அறிந்துகொள்ள முடிந்தது. 1976 ஜூலை முதல் மத்திய அரசின் சிவில் ஓய்வூதியம் படிப்படியாகப் பொதுத்துறை வங்கிகளின் மூலம் வழங்கப்படலாயிற்று. வீட்டுக்கு அருகிலுள்ள கிளையில் பணம் பெறும் வசதி முதியவர்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. அதே சமயம், பழைய சந்திப்பு இடம் இல்லாமற்போயிற்று. ஒரே அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர்கள் பத்து வங்கிக் கிளைகளில் பத்துத் தனி மனிதர்களானார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஓய்வூதியர் சங்கங்களைச் சார்ந்தது. 1955 இல் தில்லியில் தொடங்கப்பட்ட பாரத் பென்ஷனர்ஸ் சமாஜ் போன்ற அமைப்புகள் பல மாநிலங்களிலுள்ள சங்கங்களை இணைத்தன. ரயில்வே, தபால் தந்தி, பாதுகாப்புக் கணக்கு, மாநில அரசு எனத் துறைவாரியாகவும் சங்கங்கள் தோன்றின. இவற்றின் மாத இதழ்கள் தோற்றத்தில் எளியவை. ஆனால் அரசாணையின் எண், நாள், பொருள், அது யாருக்குப் பொருந்தும், எந்தப் படிவத்தில் யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றை உறுப்பினர்களின் வீடு தேடிக் கொண்டுசேர்த்தவை அவையே.

இப்பணியின் மதிப்பை உணர, ஓய்வூதிய நிர்வாகம் நடைபெறும் முறையை அறிதல் வேண்டும். அகவிலை நிவாரணம் உயரும்போது நிதி அமைச்சகத்தின் முடிவு ஓய்வூதியத் துறையின் ஆணையாகிறது. அவ்வாணை வங்கிகளைச் சென்றடைகிறது. வங்கி கணக்கிட்டு வரவு வைக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தவறினாலும் ஓய்வூதியருக்குக் குறைந்த தொகையே கிடைக்கும். தமக்கு உரிய தொகை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாவிட்டால் பிழை பல ஆண்டுகள் திருத்தப்படாமலே நீடிக்கும். பெரும்பாலும் கணவருடைய அலுவலகத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் அறியாத குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களே இத்தகைய பிழைகளால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள். சங்கக் கிளையில் கணக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் இருந்தாலே பல குடும்பங்களின் நிலுவை கிடைத்துவிடும்.

சட்டத்தின் பார்வையில் இச்சங்கங்களின் இடம் வேறு வகையானது. 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பணியிலிருக்கும் தொழிலாளரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. ஓய்வூதியர் சங்கங்கள் பெரும்பாலும் 1860 ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. 1966 இல் மத்திய அரசு ஊழியர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பில் ஊழியர் சங்கங்களுக்கு இடமுண்டு. ஓய்வூதியர் சங்கங்களுக்கு இல்லை. தமக்கெனப் பேசும் இடம் ஒன்று இல்லாததே அவர்களை நீதிமன்றத்தின் வாயிலுக்கு இட்டுச் சென்றது எனலாம்.

1982 டிசம்பர் 17

1979 மே 25 அன்று மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கி ஆணை பிறப்பித்தது. சராசரி ஊதியத்தில் முதல் 1,000 ரூபாய்க்கு 50 சதவீதம், அடுத்த 500 ரூபாய்க்கு 45 சதவீதம், எஞ்சிய தொகைக்கு 40 சதவீதம் என்பது புதிய முறை. முழுப் பணிக்காலமான 33 ஆண்டுகளை நிறைவு செய்த ஒருவரின் சராசரி ஊதியம் 1,800 ரூபாய் எனக் கொண்டால், அவருக்கு 500, 225, 120 எனச் சேர்த்து 845 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கும். பழைய முறையில் கிடைத்ததைவிட இது அதிகம்.

ஆனால் இவ்வாணை 1979 மார்ச் 31 அன்றும் அதற்குப் பின்னும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என வரையறுக்கப்பட்டது. ஒரே பதவியில், ஒரே ஊதியத்தில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் பிப்ரவரி இறுதியில் ஓய்வு பெற்றார். மற்றவர் மார்ச் இறுதியில் ஓய்வு பெற்றார். ஒரு மாத இடைவெளி அவர்களுடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமான வருவாய் வேறுபாடாக மாறியது. பழைய ஓய்வூதியர் முதியவர். அவருக்கே தேவை அதிகம். அவருக்கே தொகை குறைவு.

1972 இல் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டி. எஸ். நகாரா என்பவரும், பாதுகாப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மற்றொருவரும் இந்த வேறுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மூன்றாவது மனுதாரராக ஓர் அமைப்பு சேர்ந்துகொண்டது. எச். டி. ஷோரி 1980 இல் நிறுவிய 'காமன் காஸ்' என்ற சங்கமே அது. அமைப்பு ஒன்று மனுதாரராக நின்றதன் முக்கியத்துவம் பெரிது. நாடெங்கும் பரவிக் கிடக்கும் முதியவர்கள் தனித்தனியே செலவு செய்து நீதிமன்றத்தை நாட இயலாது. அவர்கள் சார்பில் ஒரு சங்கம் வழக்காடலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. ஏ. தேசாய். ஒரே விதிகளின் கீழ் ஓய்வூதியம் பெறுவோர் அனைவரும் ஒரே வகுப்பினர். அவர்களை ஓய்வு பெற்ற நாளை மட்டும் கொண்டு பிரிப்பதற்குத் தக்க காரணம் இல்லை. ஆகவே அந்த வரையறை அரசியலமைப்பின் 14 ஆம் பிரிவு அளிக்கும் சமத்துவத்திற்கு முரணானது என்று தீர்ப்புக் கூறியது. பழைய ஓய்வூதியர்களுக்கும் புதிய முறையில் ஓய்வூதியம் மறுகணக்கிடப்பட்டது. எனினும் 1979 ஏப்ரலுக்கு முந்தைய காலத்திற்கு நிலுவை வழங்கப்படவில்லை. நியாயத்தையும் நிதிச் சுமையையும் ஒருங்கே கருதிய தீர்ப்பாக இது அமைந்தது.

இத்தீர்ப்பு வெளியான டிசம்பர் 17 ஆம் நாளை ஓய்வூதியர் அமைப்புகள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடி வருகின்றன.

கணக்கு வென்ற வழக்கு

அடுத்து வந்த வெற்றி முழுக்க முழுக்கக் கணக்கின் வலிமையால் கிடைத்தது. ஓய்வு பெறுபவர் தம் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை அரசிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகை ஒன்றைப் பெறலாம். மகளின் திருமணம், வீடு கட்டுதல் போன்ற செலவுகளுக்கு இத்தொகை உதவுகிறது. அக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு தொகுத்துப் பெற முடிந்தது. ஒப்படைத்த பகுதி ஓய்வூதியரின் வாழ்நாள் முழுவதும் பிடிக்கப்பட்டு வந்தது.

முன்கூட்டிக் கொடுத்த தொகை வட்டியுடன் எத்தனை ஆண்டுகளில் அரசுக்குத் திரும்பக் கிடைக்கிறது என்ற கேள்வியை 'காமன் காஸ்' எழுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளிலேயே அது ஈடாகிவிடுகிறது என்பது அவ்வமைப்பின் வாதம். அதற்குப் பின்னும் பிடித்தம் தொடர்வது நியாயமன்று. இடையில் இறந்துபோகும் சிலரிடமிருந்து தொகை முழுவதும் வசூலாகாது என்பதையும் கருத்திற்கொண்டு, 15 ஆண்டுகளுக்குப் பின் ஒப்படைத்த பகுதியை மீண்டும் வழங்க வேண்டும் என 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இன்று எழுபது வயதைக் கடக்கும் அரசு ஓய்வூதியர் ஒருவரின் தொகை ஒரு மாதத்தில் திடீரெனக் கூடுவதற்குக் காரணம் இத்தீர்ப்பே. இதற்காக எவரும் சாலையில் இறங்க வேண்டியிருக்கவில்லை. காகிதமும் பென்சிலும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன.

அரசுடன் ஒரே மேசையில்

இதே காலகட்டத்தில் நிர்வாக அமைப்பிலும் மாற்றங்கள் ஏற்பட்டன. 1985 இல் ஓய்வூதியத்திற்கும் ஓய்வூதியர் நலத்திற்குமெனத் தனித்துறை மத்திய அரசில் உருவாக்கப்பட்டது. 1986 இல் தன்னார்வ அமைப்புகளின் நிலைக்குழு அமைக்கப்பட்டது. ஓய்வூதியர் சங்கங்களின் பிரதிநிதிகளும் அமைச்சகங்களின் அதிகாரிகளும் சேர்ந்து அமர்ந்து குறைகளைப் பேசுவதற்கான இடம் இதன் மூலம் கிடைத்தது. இக்குழு ஆலோசனை கூறலாமேயன்றி முடிவெடுக்க இயலாது. ஆயினும், கோப்பில் முடங்கிக் கிடக்கும் ஒரு பிரச்சினை கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற்றுவிட்டால், அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் கூற வேண்டிய கடமை ஓர் அதிகாரிக்கு ஏற்படுகிறது. நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு இதன் பயன் புரியும்.

ஊதியக் குழுக்களின் முன்பும் ஓய்வூதியர் சங்கங்கள் கோரிக்கை மனுக்களை அளித்தன. நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது ஊதியக் குழு 1997 இல் அளித்த அறிக்கை, பழைய ஓய்வூதியர்களையும் புதியவர்களையும் நெருங்கச் செய்யும் பரிந்துரைகளைக் கொண்டிருந்தது. எப்போது ஓய்வு பெற்றவராயினும், அவரது பதவிக்குரிய திருத்திய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையில் 50 சதவீதத்திற்குக் குறையாமல் ஓய்வூதியம் பெறுவார் என 1998 டிசம்பரில் ஆணை வெளியாயிற்று. மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1996 முதல் 1,275 ரூபாய், 2006 முதல் 3,500 ரூபாய், 2016 முதல் 9,000 ரூபாய் என உயர்ந்தது. 80 வயதை எட்டியவர்களுக்கு 20 சதவீதமும், வயது ஏற ஏற மேலும் கூடி, 100 வயதில் 100 சதவீதமும் கூடுதல் ஓய்வூதியம் வழங்கும் முறை ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையால் வந்தது.

ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க முதியவர்கள் வங்கிக்குச் சென்று காத்திருக்கும் சிரமமும் குறைந்துள்ளது. 2014 நவம்பரில் மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறை அறிமுகமாயிற்று. 2021 முதல் முகத்தை அடையாளம் காணும் வசதியும் சேர்க்கப்பட்டதால், விரல் ரேகை தேய்ந்துபோன முதியவர்களும் வீட்டிலிருந்தே சான்றளிக்க முடிகிறது.

தீர்ப்பின் எல்லைகள்

நகாரா வழக்கின் வெற்றி எல்லா ஓய்வூதியர்களுக்கும் எல்லா நிலையிலும் பொருந்துவதன்று. ரயில்வேயில் ஓய்வூதியத்திற்குப் பதிலாக வருங்கால வைப்பு நிதியைத் தேர்ந்தெடுத்து ஓய்வு பெற்றவர்கள், தங்களையும் ஓய்வூதியத்திற்கு மாற்ற வேண்டும் எனக் கோரிக் கிருஷ்ண குமார் வழக்கின் மூலம் வாதாடினர். 1990 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைப்பு நிதி பெற்றவர்களிடம் அரசின் பொறுப்பு அத்தொகையைக் கொடுத்தவுடன் நிறைவடைகிறது. ஓய்வூதியரிடமோ அது தொடர்கிறது. எனவே இருவரும் ஒரே வகுப்பினர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். பணியில் இருக்கும்போது விருப்பப் படிவத்தில் இட்ட ஒரு கையெழுத்து முதுமை முழுவதையும் தீர்மானித்துவிடக்கூடும் என்பது இவ்வழக்கு உணர்த்தும் பாடமாகும்.

2025 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஓய்வு பெற்ற நாள் உள்ளிட்ட அடிப்படைகளில் ஓய்வூதியரிடையே வேறுபாடு காண்பதற்கு மத்திய அரசுக்குள்ள அதிகாரத்தை உறுதி செய்தது. இது ஏற்கெனவே உள்ள விதிகளைச் செல்லுபடியாக்குவதே என்றும், தற்போதைய ஓய்வூதியர்களின் பயன்களை இது மாற்றவில்லை என்றும் அரசுத் தரப்பில் விளக்கப்பட்டது. 1982 இல் பெற்ற சமத்துவம் வருங்காலத்தில் குன்றக்கூடும் என்று ஓய்வூதியர் அமைப்புகள் கவலை தெரிவித்துள்ளன. ஒரு முறை வென்ற உரிமையையும் தொடர்ந்து காத்து வர வேண்டியிருக்கிறது என்பதை இது புலப்படுத்துகிறது.

நிதியத்திலிருந்து வரும் ஓய்வூதியம்

அரசு ஊழியரின் ஓய்வூதியம் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வழங்கப்படுகிறது. ஆலைகளிலும் நிறுவனங்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்கெனக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971 இல் தொடங்கியது. அதற்கு மாற்றாக 1995 நவம்பர் 16 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி வைப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதியத்திற்குச் செல்கிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் செலுத்துகிறது. இக்கணக்கிற்கான ஊதிய உச்சவரம்பு 2001 இல் 6,500 ரூபாயாகவும், 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் முறை எளியது: கணக்கிற்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுக்க வேண்டும். பணிக்காலம் முழுவதற்கும் ஊதியம் 15,000 ரூபாய் என்றே கொண்டாலும், 14 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு மாதம் 3,000 ரூபாயே கிடைக்கும். உச்சவரம்பு குறைவாக இருந்த காலத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று உறுதி செய்யப்பட்டது. அரசு ஓய்வூதியத்துடன் வரும் அகவிலை நிவாரணம் இத்திட்டத்தில் இல்லை. ஆகவே, விலைவாசி உயரும் ஒவ்வோர் ஆண்டும் இத்தொகையின் வாங்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது.

இத்திட்டத்தின் ஓய்வூதியர்களும் ஒன்றுதிரண்டனர். மாநிலங்களவையின் மனுக்கள் குழுவை அவர்கள் அணுகினர். பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான அக்குழு 2013 இல் அளித்த அறிக்கையில், குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3,000 ரூபாயாக உயர்த்தவும், விலைவாசியோடு அதை இணைக்கவும் பரிந்துரைத்தது. இதே தலைவரின் கீழ் இருந்த குழுவே 2011 இல் முன்னாள் படைவீரர்களின் 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கைக்கு ஆதரவாக அறிக்கை அளித்தது. அக்கோரிக்கை, 2015 இல் தில்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் நடத்திய நீண்ட போராட்டத்திற்குப் பின் அவ்வாண்டு நவம்பரில் ஆணையாக வெளிவந்து, 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் ஓய்வூதியம் பற்றிய பரிந்துரையில் 1,000 ரூபாய் என்ற அளவே நிறைவேறியுள்ளது. குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் வேண்டும் என்பது இன்று இவ்வமைப்புகளின் கோரிக்கை.

ஒரே குழுவின் இரு அறிக்கைகள் இருவேறு பலன்களை அளித்ததற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. முன்னதன் செலவை ஏற்பது அரசின் கருவூலம். பின்னதன் செலவை ஏற்க வேண்டியது இன்று பணியிலிருப்போரின் பெயரால் சேரும் நிதியம். நிதியத்தின் கணக்கு ஆண்டுதோறும் மதிப்பீட்டு வல்லுநர்களால் ஆராயப்படுகிறது. பங்குத் தொகை கூடாமல் பயனை மட்டும் கூட்டினால் வருங்கால ஓய்வூதியரின் பங்கு குறையும். எனவே, கூடுதல் தொகையை முதலாளிகள் தருவதா, அரசு தருவதா, தொழிலாளர் தருவதா என்ற கேள்விக்கு விடை காணாமல் இப்பிரச்சினை தீராது. இக்கேள்வியை நேராக எதிர்கொண்டு, தம் கோரிக்கைக்கு ஆகும் செலவையும் அதற்கான வழியையும் கணக்கிட்டுக் காட்டும் அமைப்பின் குரலே வலிமை பெறும். ஒப்படைத்த ஓய்வூதியத்தை மீட்ட வழக்கு இதற்கு முன்மாதிரி.

உண்மையான ஊதியத்திற்கு ஏற்பக் கூடுதல் ஓய்வூதியம் கோரியவர்களின் வழக்கில் 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதியுள்ள ஊழியர்கள் விருப்பம் தெரிவிக்க நான்கு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அது பின்னர் நீட்டிக்கப்பட்டது. யார் தகுதியுடையவர், எந்த ஆவணம் தேவை, எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்பவற்றை விளக்குவதில் ஓய்வூதியர் சங்கங்கள் மீண்டும் தம் பழைய பணியில் ஈடுபட்டன. உரிய காலத்தில் செய்தி கிடைக்காதவருக்குத் தீர்ப்பு இருந்தும் பயனில்லை.

சங்கமே இல்லாதவர்கள்

முதலாளி யார் என்றே சொல்ல இயலாத விவசாயக் கூலிகளுக்கும், சுமை தூக்குவோருக்கும், வீட்டு வேலை செய்வோருக்கும் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்றில்லை. உடல் ஒத்துழைக்காத நாளே அவர்களுக்கு ஓய்வு நாள். 1995 இல் தொடங்கிய தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து இதனுடன் கூடுதல் தொகை சேர்க்கின்றன. அருணா ராய், புனேயில் சுமை தூக்கும் தொழிலாளர்களை ஒன்றிணைத்த பாபா ஆதவ் ஆகியோரின் முயற்சியில் உருவான பென்ஷன் பரிஷத், குறைந்தபட்சக் கூலியில் பாதியளவாவது அனைவருக்கும் ஓய்வூதியமாக வேண்டும் என 2012 முதல் வலியுறுத்தியது. அரசாணை எண்ணை அறிந்த எழுத்தர் ஒருவர் அவர்களிடையே இல்லாததால், மற்றவர்கள் அவர்களுக்காகவும் பேச வேண்டியிருக்கிறது.

செய்யத் தக்கவை

ஓய்வூதியர் அமைப்புகளின் அனுபவத்திலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, செய்தி சென்றடைந்த இடத்தில் உரிமை நிலைபெற்றது. இரண்டாவது, முடிவெடுக்கும் இடத்தில் ஓய்வூதியருக்கு இருக்கை கிடைத்தபோது பிரச்சினைகள் விரைவில் தீர்ந்தன. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 1986 இல் கிடைத்த நிலைக்குழு போன்றதோர் இடம், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இல்லை. அத்திட்டத்தை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழுவில் மத்திய, மாநில அரசுகளுக்கும், முதலாளிகளுக்கும், பணியிலிருக்கும் தொழிலாளர்களுக்கும் பிரதிநிதிகள் உள்ளனர். 75 லட்சத்திற்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களுக்கெனத் தனி இடம் இல்லை. நிதியத்தின் மறுபாதிப் பயனாளிகள் இவர்களே என்பதால், இக்குறையை நீக்குவது நியாயமானதும் செலவு மிகக் குறைந்ததுமான ஒரு சீர்திருத்தமாகும்.

அதே போல, நிதியத்தின் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை ஆண்டுதோறும் மாநில மொழிகளில் எளிய நடையில் வெளியிடுவதும் பயனளிக்கும். நிதியத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வழங்க வேண்டியிருக்கிறது, குறைந்தபட்ச ஓய்வூதியத்தை நூறு ரூபாய் உயர்த்தினால் எவ்வளவு செலவாகும் என்பவற்றை அறிந்த பின் எழும் கோரிக்கை, வெறும் முழக்கமாக இராமல் விவாதத்திற்குரிய திட்டமாக அமையும். அரசுக்கும் பதில் கூறுவது எளிதாகும்.

ஓய்வூதியர் அமைப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. இன்று பணியிலிருக்கும் இளைஞர்களை அவை அணுக வேண்டும். 2004 ஜனவரி 1 க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதிய முறையின் கீழ் வந்தனர். 2025 ஏப்ரல் 1 முதல் அவர்களுக்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. இத்தகைய தேர்வுகளின் விளைவு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியும். அதை முன்கூட்டி எடுத்துச் சொல்லும் தகுதி, அவ்வழியே நடந்து வந்தவர்களுக்கே உண்டு.

உழைத்த காலத்தில் ரயில்களை ஓட்டியவர்களும், கடிதங்களைக் கொண்டுசேர்த்தவர்களும், ஆலைகளை இயக்கியவர்களும் ஓய்வுக்குப் பின் கேட்பது, உழைப்பின்போது ஒத்திவைக்கப்பட்ட பங்கையே ஆகும். அதை உரிய காலத்தில், உரிய அளவில், அலையாமல் அவர்கள் பெறுவதற்கு வகை செய்வது சமூகத்தின் கடமை. அதற்கான முதற்படியாக, நிதியத்தின் கணக்கை அவர்கள் முன் வைத்து, முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை அளிக்க வேண்டும்.